ஊர் திரும்பி வேலை தேடுறவங்ககிட்ட எல்லாரும் மனசுக்குள்ள கேக்குற கேள்வி

ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணே, 9 வருஷமா வெளிநாட்டுல சப்ளை செயின் வேலை. குடும்பத்தோட ஊருக்கே திரும்பிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். நாலு மாசமா இங்க இருந்தே அறுபது எழுபது இடத்துக்கு அப்ளை பண்ணிட்டேன், ரெண்டே ரெண்டு கால்தான் வந்துச்சு, அதுவும் முதல் ரவுண்டோட நின்னுபோச்சு. பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து உக்காந்து தேடட்டுமா?"

வேலைய விடாதீங்க தம்பி, அத மொதல்ல சொல்லிடுறேன். மத்தத பொறுமையா பேசலாம். நானும் 11 வருஷம் வெளிய இருந்துட்டு திரும்பினவன், வேலை கிடைக்க 7 மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் 6 வருஷமா ஆள் எடுக்குற பக்கம் உக்காந்திருக்கேன், உங்கள மாதிரி திரும்பி வர்றவங்களோட ரெஸ்யூம் நெறைய என் டேபிளுக்கு வந்திருக்கு. ரெண்டு பக்கமும் பாத்ததுனால இத கொஞ்சம் தைரியமாவே சொல்றேன்.

அறுபது இடத்துல பதில் வரலன்னா உங்களுக்கு தெறமை இல்லன்னு அர்த்தமே இல்ல. உங்க ரெஸ்யூம் ஒரு ரெக்ரூட்டர் கையில விழுறப்போ என்ன நடக்குதுன்னு பாருங்க. வெளிநாட்டு அட்ரஸ், வெளிநாட்டு நம்பர், இதுவரை கேள்விப்படாத கம்பெனி பேரு. அதே வேலைக்கு பக்கத்து தெருவுல இருந்து நாளைக்கே வந்து உக்காரக்கூடிய இருபது பேரு ரெஸ்யூமும் அவரு கையில இருக்கு. அவருக்கு மனசுல ஓடுறது, இவரு நிஜமாவே வர்றாரா இல்ல சும்மா போட்டு பாக்குறாரா, வந்தாலும் ஆறு மாசத்துல திரும்ப ஃபிளைட் ஏறிடுவாரா, அங்க வாங்குற சம்பளத்தயே இங்கயும் கேப்பாரா, நம்ம ஊர் வேலை முறைக்கு ஒத்துவருவாரா. எல்லாத்தயும் சேத்து பாத்தா அது ஒரே கேள்விதான்: இவரு இங்க நிப்பாரா? இத யாரும் வாய விட்டு கேக்க மாட்டாங்க. ஆனா ரெஸ்யூம்ல இருந்து கடைசி சம்பளப் பேச்சு வரைக்கும் நீங்க பதில் சொல்லவேண்டியது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

எனக்கு இது புரிஞ்ச நாள் நல்லா ஞாபகம் இருக்கு. மூணாவது ரவுண்டு, எதிர்ல ஒரு வயசான மேனேஜர், ரொம்ப மரியாதையா பேசினாரு, டெக்னிக்கலா எல்லாமே நல்லா போச்சு. கடைசில "ஏன் திரும்பி வர்றீங்க?"ன்னு கேட்டாரு. "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார், கூட இருக்கணும்"னு சொன்னேன். அது முழு உண்மை. அவரு தலையாட்டிட்டு பேனாவ மூடி வெச்சுட்டு, "அம்மா குணமானதும்?"னு கேட்டாரு. எனக்கு சட்டுனு பதில் வரல. அந்த ரெண்டு செகண்ட் அமைதிலயே அந்த வேலை போயிடுச்சு. அவரு மேல எனக்கு கோவம் இல்ல, அவரு இடத்துல இப்ப உக்காந்திருக்கிறதுனால சொல்றேன், ஒரு ஆள எடுத்து ஆறு மாசம் பழக்கி எடுத்தப்புறம் அவரு போயிட்டா அந்த டீமே ஆடிப்போயிடும்.

அதனால காரணத்த மாத்த சொல்லல, காரணத்தோட சேத்து நீங்க ஏற்கனவே செஞ்சிருக்கிற வேலைய சொல்லுங்க. பசங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன் போட்டாச்சு, மனைவி ரெண்டு மாசம் முன்னாடியே வந்துட்டாங்க, வீடு பாத்து அக்ரிமெண்ட் போட்டாச்சு, இந்த தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்னு, இந்த மாதிரி. எது நடந்திருக்கோ அத மட்டும் சொல்லுங்க. "எனக்கு தாய்நாட்டு மேல பற்று"ன்னு பத்து நிமிஷம் பேசுறத விட ஸ்கூல் அட்மிஷன்ற ஒரு வார்த்தை அதிகமா நம்ப வெக்கும். இன்னொண்ணு, இப்ப இருக்கிற நாட்ட பத்தி கொற சொல்லாதீங்க. விசா தொல்லை, பாஸ் சரியில்ல, இனிமே அங்க எதிர்காலம் இல்லன்னு ஆரம்பிச்சா, அங்க முடியலன்னு இங்க வர்றாருன்னுதான் காதுல விழும்.

இப்ப சின்ன சின்ன விஷயம், ஆனா இதுலதான் முதல் கால் வர்றதும் வராததும் இருக்கு. ஊர் நம்பர் ஒண்ணு வாங்கி ரெஸ்யூம்ல அத போடுங்க, ஏன்னா நெறைய ஆஃபீஸ்ல ரெக்ரூட்டர் டேபிள் போன்ல இருந்து வெளிநாட்டுக்கு கால் போகாது, போகலன்னா அவரு அடுத்த ஆளுக்கு போயிடுவாரு, உங்களுக்கு மெயில் எழுதிட்டு காத்திருக்க மாட்டாரு. லிங்க்ட்இன்ல இடத்த நீங்க போகப்போற ஊருக்கு மாத்துங்க, ரெக்ரூட்டர் இடத்த வெச்சுதான் தேடுவாரு, நீங்க வேற நாட்டுல இருக்கிறதா காட்டினா அவரு தேடுற லிஸ்ட்லயே வர மாட்டீங்க. ஆனா மறைக்கவும் கூடாது, பேருக்கு கீழ முதல் வரியிலயே "இந்த மாசம் நிரந்தரமா குடிவர்றேன், இந்த தேதில இருந்து சேர முடியும்"னு தேதியோட போட்டுடுங்க. இன்டர்வியூவுக்கு நேரம் கேட்டா அவங்க ஊர் நேரத்துலயே ரெண்டு மூணு ஸ்லாட் குடுங்க, கணக்கு போடுற வேலைய அவங்க தலையில கட்டாதீங்க, உங்களுக்கு விடிகாலை நாலு மணியா இருந்தாலும் சரி.

ரெஸ்யூம் விஷயத்துக்கு வர்றேன். உங்க கம்பெனி அங்க பெரிய பேரா இருக்கலாம், ஊர்ல அத கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. ஒருத்தர் ரெஸ்யூம்ல "ரீஜினல் க்ளஸ்டர் லீட், இன்பவுண்ட் ஆபரேஷன்ஸ்"னு மட்டும் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, கூட இருந்த மூணு பேருக்கும் புரியல. போன் பண்ணி கேட்டப்போதான் தெரிஞ்சுது, மனுஷன் மூணு கிடங்குக்கு பொறுப்பு, கிட்டத்தட்ட 140 பேரு அவருக்கு கீழ, சரக்கு துறைமுகத்துல எறங்கினதுல இருந்து ஷெல்ஃப்ல ஏறுற வரைக்கும் இருந்த ஆறு நாள நாலு நாளா குறைச்சிருக்காரு. இதுல ஒரு வார்த்தை கூட ரெஸ்யூம்ல இல்ல! கம்பெனி பேருக்கு பக்கத்துல அது என்ன செய்யுது, எவ்வளவு பெருசுன்னு ஒரு வரி, உங்க பதவிக்கு கீழ எத்தன பேரு, எத்தன இடம், என்ன மாறுச்சுன்னு ஒரு வரி, இவ்வளவு போதும். பண மதிப்ப அந்த நாட்டு கரன்சில போட்டு படிக்கிறவர கணக்கு போட வைக்காதீங்க, சதவீதம், நாள், ஆள் எண்ணிக்கைன்னு எந்த நாட்டுக்கும் புரியுற அளவுல சொல்லுங்க.

ஆனா தம்பி, அறுபது அப்ளிகேஷன் போட்டேன்னு சொன்னீங்களே, எத்தன பேருகிட்ட பேசினீங்கன்னு சொல்லவே இல்லயே. எனக்கு ரொம்ப உறுத்துறது அதுதான். வெளிய இருந்து போர்ட்டல் வழியா வர்ற ரெஸ்யூமுக்கு யாரும் பொறுப்பு எடுக்க மாட்டாங்க, "எனக்கு தெரியும், நல்லா வேலை பாப்பாரு, நெஜமாத்தான் வர்றாரு"ன்னு உள்ள இருக்கிற ஒருத்தர் சொன்னா மேல சொன்ன சந்தேகம் பாதி அங்கயே தீந்துடும். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர், 1973ல ஒரு கட்டுரை எழுதினாரு. அமெரிக்காவுல பாஸ்டனுக்கு பக்கத்துல, தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்கள கூப்பிட்டு, அந்த தெரிஞ்சவர எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டிருக்காரு. அடிக்கடி பாக்குறவங்க மூலமா வேலை கிடைச்சது 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்குறவங்க மூலமா 55.6 சதவீதம், வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் கம்மியாவோ பாக்குறவங்க மூலமா 27.8 சதவீதம். 54 பேரு கணக்குதான், சின்ன ஆய்வு. ஆனா 2022ல லிங்க்ட்இன்ல 2 கோடி பேரு டேட்டாவ 5 வருஷத்துக்கு எடுத்து பாத்த ஆய்வு ஒண்ணு சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, அதுலயும் ரொம்ப நெருக்கமானவங்கள விட ஓரளவு தூரத்துல இருக்கிறவங்கதான் வேலை மாறுறதுக்கு அதிகம் உதவுறாங்கன்னு வந்துச்சு.

உங்களுக்கு இதுல நல்ல சேதி இருக்கு. 9 வருஷம் வெளிய இருந்ததுனால ஊர்ல இருக்கிற எல்லா தொடர்புமே தூரத்து தொடர்பாதான் ஆயிருக்கும், பழைய ஆஃபீஸ்ல ரெண்டு டேபிள் தள்ளி உக்காந்திருந்தவரு, காலேஜ்ல வேற டிபார்ட்மெண்ட்ல படிச்சவரு, ஒரு தடவை ஆடிட்டுக்கு வந்த வெண்டரு. அவங்களத்தான் பிடிக்கணும். பல பேரு கூச்சப்படுவாங்க, இத்தன வருஷம் பேசாம இருந்துட்டு இப்ப வேலைக்குன்னு போய் நிக்கிறதான்னு. எனக்கும் அந்த கூச்சம் இருந்துச்சு, அதுனாலயே முதல் நாலு மாசத்த வீணாக்கினேன். வேலை கேக்காதீங்க, தகவல் கேளுங்க. நான் கடைசில அனுப்பின மெசேஜ் இதுதான்: "எப்படி இருக்கீங்க, நாம ஒண்ணா வேலை பாத்து ரொம்ப வருஷமாச்சு. நான் ஜூன்ல குடும்பத்தோட திரும்பி வர்றேன். நம்ம லைன்ல இப்ப அங்க நெலம எப்படி, எந்த மாதிரி ஆளுங்கள எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க உங்ககிட்ட 15 நிமிஷம் பேசணும், எப்ப வசதி?" 30 பேருக்கு அனுப்பினேன், 19 பேரு பதில் போட்டாங்க, ரெண்டு பேரு அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டாங்க. கடைசில வேலை வந்தது அந்த 19ல ஒருத்தரோட தெரிஞ்சவர் மூலமா. பேசி முடிக்கிறப்போ "இன்னும் யாருகிட்ட பேசினா நல்லாருக்கும்?"னு ஒரு கேள்விய மட்டும் மறக்காம கேளுங்க.

நீங்க இருக்கிற கம்பெனிக்கே ஊர்ல கிளை இருந்தா இன்டர்னல் டிரான்ஸ்ஃபர மொதல்ல பாருங்க, இது ரொம்ப சுலபமான வழி, ஏன்னா அவங்களுக்கு உங்கள தெரியும். கிளை இல்லன்னா ரிமோட்டா பாக்கலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க. கேக்கலாம், ஆனா நீங்க ஊர்ல உக்காந்து வேலை பாத்தா அந்த கம்பெனிக்கு இங்கயே நிரந்தர அலுவலகம் இருக்கிறதா நம்ம வரித்துறை எடுத்துக்கிட்டு வரி கேக்கலாம்ற பயம் ஹெச்ஆருக்கு இருக்கும், சம்பளம் எந்த நாட்டு சட்டப்படி போடுறதுன்னும் கேள்வி வரும். உங்க கம்பெனி சார்பா உங்கள உள்ளூர்ல சட்டப்படி வேலைக்கு எடுத்து சம்பளம் போடுற இடைநிலை நிறுவனங்கள் இருக்கு, அது மூலமா பண்ணலாமான்னு நீங்களே விசாரிச்சுட்டு போய் கேட்டா பேச்சு சுலபமா நகரும்.

சம்பளம். இங்கதான் நெறைய பேரு மனசு உடைஞ்சு போறாங்க. அங்க வாங்குறத எக்ஸ்சேஞ்ச் ரேட்ல பெருக்கி அத கேட்டா அந்த பேச்சு அதோட முடிஞ்சுது. வாங்கும் சக்தி கணக்குல போடணும், அதாவது அதே சாமான் அங்க என்ன விலை, இங்க என்ன விலைன்னு பாக்குற கணக்கு, உலக வங்கி ஒவ்வொரு நாட்டுக்கும் அத வெளியிடுது, அதுல போட்டு பாத்தா சம்பளம் எவ்வளவு குறைஞ்சாலும் வாழ்க்கை அந்த அளவுக்கு குறையாதுன்னு தெரியும். ஆனா அந்த கணக்க முழுசா நம்பிடாதீங்க, அது நாட்டோட சராசரி. வீட்டு வாடகை, மார்க்கெட் செலவு, ஆள் கூலி எல்லாம் ஊர் விலைக்கு வரும், ஆனா விமான டிக்கெட், இறக்குமதி சாமான், நீங்க அங்க வாங்கின கடனோட தவணை இதெல்லாம் ஊருக்கு வந்தாலும் குறையவே குறையாது. அதனால ஒரு மாசத்து செலவ ஒரு பேப்பர்ல எழுதி, இது ஊர் விலை இது உலக விலைன்னு ரெண்டா பிரிச்சு பாருங்க. அதுல வர்ற நம்பர்தான் உங்களோட அடிமட்ட சம்பளம். பழைய சம்பளம் என்னன்னு கேட்டா உண்மைய சொல்லிட்டு, "ஊர் மார்க்கெட்ல இந்த ரோலுக்கு என்ன ரேஞ்சுன்னு விசாரிச்சேன், அந்த ரேஞ்சுக்குள்ளதான் எதிர்பாக்குறேன்"னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க. எதிர்ல இருக்கிறவரு மூச்சு விடுறது உங்களுக்கே கேக்கும்.

என் அபிப்ராயம், சம்பளத்துல இறங்குங்க, பொறுப்புல ரொம்ப இறங்காதீங்க. எப்படியாவது உள்ள போயிடலாம்னு ரெண்டு படி கீழ சேந்தவங்க பல பேர பாத்திருக்கேன், ஒரு வருஷத்துல வெறுத்துப்போய் வேற தேடுவாங்க, அப்ப அடுத்த கம்பெனி அவங்களோட இப்போதைய பதவிய வெச்சுதான் எடை போடும்.

பேப்பர் வேலை. அங்க இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி செஞ்சா ஒரு வாரம், வந்தப்புறம் செஞ்சா மாசக்கணக்கு. ஆஃபீஸ் மெயிலும் ஹெச்ஆர் போர்ட்டலும் கடைசி நாளோட மூடிடும், அதனால எல்லா வருஷத்து சம்பள ஸ்லிப், அப்ரைசல், ஆஃபர் லெட்டர் எல்லாத்தயும் இப்பவே இறக்கி வெச்சுக்கோங்க. அனுபவ சான்றிதழ்ல தேதியும் பதவியும் மட்டும் போதாது, என்ன வேலை பாத்தீங்கன்னு ரெண்டு வரி எழுதி வாங்குங்க. மேனேஜர்கள் வேற கம்பெனிக்கு போயிடுவாங்க, அவங்களோட சொந்த மெயிலும் போன் நம்பரும் கேட்டு வாங்கிக்கோங்க. அங்க படிச்ச டிகிரி, போலீஸ் சான்றிதழ், கல்யாண சான்றிதழ் இதுக்கெல்லாம் அப்போஸ்டில் முத்திரை, அதாவது இது அசல் சான்றிதழ்தான்னு வேற நாட்டுக்கு உறுதி சொல்ற முத்திரை, தேவைப்படலாம். 1961ல ஹேக் நகரத்துல போட்ட ஒப்பந்தம் அது, நூத்துக்கும் மேற்பட்ட நாடுகள் சேந்திருக்கு, சீனா 2023 நவம்பர்லயும் கனடா 2024 ஜனவரிலயும்தான் நடைமுறைக்கு கொண்டுவந்தாங்க. இதுல முக்கியமான விஷயம், எந்த நாடு சான்றிதழ் குடுத்துச்சோ அந்த நாடுதான் முத்திரையும் போடும், ஊருக்கு வந்தப்புறம் இங்க இருந்து போட முடியாது. டாக்டர், நர்ஸ், டீச்சர் மாதிரி லைசென்ஸ் வேலைல இருக்கிறவங்க படிச்சாங்கன்னா அவங்களுக்கு ஒரு வார்த்தை, ஊர் கவுன்சில்ல உங்க பதிவு இன்னும் உயிரோட இருக்கான்னு மொதல்ல பாருங்க, வெளிநாட்டு கவுன்சில்ல இருந்து உங்க மேல புகார் எதுவும் இல்லன்னு ஒரு சான்றிதழ் கேப்பாங்க, அதுக்கு ஆயுசு கம்மி, பிரிட்டன்ல டாக்டர்களுக்கு குடுக்கிறது 3 மாசம்தான் செல்லும், அதனால அத ரொம்ப சீக்கிரம் வாங்கி வெச்சும் பிரயோஜனம் இல்ல.

9 வருஷம்னு சொன்னீங்கல்ல, அதனால இத கட்டாயம் சொல்லணும். கடைசி வேலை நாள முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த நாட்டு பென்ஷன் விதிய பாருங்க. அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு 40 கிரெடிட் வேணும், வருஷத்துக்கு 4க்கு மேல கிடைக்காது, அப்ப குறைஞ்சது 10 வருஷ வேலை. பிரிட்டன்ல ஸ்டேட் பென்ஷன் கொஞ்சமாவது வரணும்னா பொதுவா 10 தகுதி வருஷம் வேணும். ஜெர்மனில 60 மாசம் கட்டியிருந்தா போதும். ஐக்கிய அரபு அமீரகத்துல பணிக்கொடை, முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படை சம்பளம், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். சில மாசம் தள்ளிப்போட்டா ஆயுசுக்கும் பென்ஷன் வரும்னா தள்ளிப்போடுறதுதான் புத்திசாலித்தனம். ரெண்டு நாட்டுக்கும் நடுவுல சமூக பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தா ரெண்டு பக்க வருஷத்தயும் கூட்டிக்க வழி இருக்கலாம், அதயும் விசாரிங்க. அதே மாதிரி திரும்பி வர்றவங்களுக்குன்னே சில நாடுகள் சலுகை வெச்சிருக்கு. மலேசியாவுல டேலண்ட்கார்ப்ன்ற அரசு நிறுவனம் நடத்துற திட்டத்துல தகுதியானவங்களுக்கு 5 வருஷத்துக்கு 15 சதவீத வரி, போர்ச்சுகல்ல ரெக்ரெசார் திட்டத்துல 5 வருஷத்துக்கு பாதி சம்பளத்துக்கு வரி இல்ல, நியூசிலாந்துல 10 வருஷம் வரிக்குடியா, அதாவது வரி கணக்குப்படி அந்த நாட்டுல குடியிருக்கிறவரா, இல்லாம இருந்துட்டு வந்தா ஏறக்குறைய 4 வருஷத்துக்கு பெரும்பாலான வெளிநாட்டு வருமானத்துக்கு வரி இல்ல. எல்லாத்துலயும் இத்தன வருஷம் வெளிய இருந்திருக்கணும்ன்ற மாதிரி நிபந்தனை இருக்கும், டிக்கெட் போட்டப்புறம் தெரிஞ்சா வயிறெரியும்.

சரி, உங்க கேள்வி, வேலைய விட்டுட்டு வரட்டுமா. இல்ல. வேலைல இருக்கும்போதே ரெண்டு வாரம் லீவு எடுத்துட்டு வாங்க, ஆனா சொந்தக்காரங்க வீட்டுக்குன்னு வராதீங்க, வேலைக்குன்னே வாங்க. வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பேசின எல்லாருக்கும் "இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் ஊர்ல இருப்பேன்"னு சொல்லுங்க, ஒரு நாளைக்கு ரெண்டு சந்திப்பு வெச்சாலும் இருபது பேர பாத்துடலாம். நேர்ல வந்து நிக்கிற ஆள "வருவாரா"ன்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஆஃபர் எழுத்துல கைக்கு வந்து, பேக்ரவுண்ட் செக்கும் முடிஞ்சப்புறம் ராஜினாமா குடுங்க. அதுக்கும் மேல வந்தே ஆகணும்ன்ற சூழ்நிலைன்னா, அப்பா அம்மா உடம்பு காத்திருக்காது, அது எனக்கு நல்லா தெரியும், ஊர் செலவு கணக்குல குறைஞ்சது 9 மாசத்துக்கு கையில வெச்சுக்கிட்டு வாங்க.

சேந்தப்புறம் முதல் வருஷம் கஷ்டமாத்தான் இருக்கும், அத மனசுல வாங்கிக்கோங்க. வெளிநாட்டுக்கு போறப்போ வர்ற தடுமாற்றம் ஊர் திரும்புறப்பவும் மறுபடி ஒரு சுத்து வரும்னு கல்லாஹார்ன்ன்ற ஆராய்ச்சியாளர் தம்பதி 1963லயே எழுதியிருக்காங்க. போறப்போ எல்லாம் புதுசுன்னு தெரிஞ்சு போறோம், வர்றப்போ எல்லாம் தெரியும்னு நெனச்சு வர்றோம், அதுதான் வலிக்குது. மீட்டிங்ல "அங்கெல்லாம் நாங்க இப்படித்தான் பண்ணுவோம்"ன்ற வாக்கியத்த ஆறு மாசத்துக்கு நாக்குல வர விடாதீங்க. நீங்க கொண்டு வர்ற யோசனை நல்லதாவே இருக்கும், ஆனா "அங்க"ன்னு ஆரம்பிச்ச உடனே கேக்குறவங்களுக்கு நாம மட்டம்னு சொல்ற மாதிரி படும். அதே யோசனைய "இப்படி ஒரு தடவை செஞ்சு பாக்கலாமா"ன்னு சொல்லுங்க, நடக்கும்.

உங்க மனைவி அங்க வேலை பாக்குறாங்களான்னு நீங்க எழுதல. பாத்தாங்கன்னா இதே தேடல் அவங்களுக்கும் வேணும், ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போற மாதிரி வெச்சுக்காதீங்க. அப்புறம் அங்க இருக்கிற பேங்க் அக்கவுண்ட அவசரப்பட்டு மூடாதீங்க, கடைசி செட்டில்மெண்ட், வாடகை டெபாசிட், வரி ரீஃபண்ட் எல்லாம் நீங்க கிளம்பி பல மாசம் கழிச்சுத்தான் வரும். ஓடிபி வர்ற அந்த நாட்டு நம்பர் அக்கவுண்டோட இணைஞ்சிருந்தா, சிம்ம சரண்டர் பண்றதுக்கு முன்னாடி பேங்க்ல ஊர் நம்பர மாத்திடுங்க.